முதிய பூனை இரவெல்லாம் ஓலமிடுகிறது: நோயா, முதுமையா?

மல்பெரித்தோட்டம், பாலக்கோடு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 13 அல்லது 14 வயதுள்ள பெண் பூனை ஒன்று இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பு மனையில் எலிகள் புகுந்து புழுக்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், என் மாமனார் அதைக் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தார். முதல் ஈற்றுக்குப் பிறகு தருமபுரிக்குக் கொண்டுசென்று கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டோம். இத்தனை ஆண்டுகளில் அதனால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. வேட்டையாடும் வயது போய்விட்டதால், சில காலமாக மனைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

அண்மைக் காலமாக இரவில் அது போடும் கத்தல் தாங்க முடியாததாகிவிட்டது. விளக்கை அணைத்து எல்லோரும் படுத்த சற்று நேரத்தில் தொடங்குகிறது. பசிக்குக் கேட்கும் மியாவ் போல இல்லை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக எழுந்து, முடியும்போது இன்னும் தாழ்ந்து போகும் ஓலம் அது. எழுந்து சென்று பார்த்தால், சமையலறைக்கும் கூடத்திற்கும் நடுவிலுள்ள நிலைப்படிக்கு அருகே, வாலைத் தொங்கவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திடுக்கிட்டுத் திரும்பி, என் குரல் வந்த திசையை நோக்கிச் சுவரோரமாகவே நடந்து வந்து காலில் முகத்தைத் தேய்க்கிறது. தடவிக்கொடுத்தால் அடங்குகிறது, நான் படுத்துக் கண்ணயர்ந்ததும் மீண்டும் தொடங்குகிறது. விடியற்காலையில் இது மிகவும் அதிகம். ஒருமுறை டார்ச் விளக்கை அதன் முகத்துக்கு நேரே பிடித்தபோது, கண்ணின் கருமணி சுருங்காமல் அகன்றபடியே இருந்தது. இருட்டில் பூனைக் கண் அப்படித்தான் இருக்கும் என்று கணவர் சொல்கிறார்.

பகலில் நன்றாகத் தூங்குகிறது. சாப்பாட்டை முன்பைவிட அதிகமாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது. ஆனால் தடவும்போது முதுகெலும்பு கணுக்கணுவாகக் கையில் தட்டுப்படுகிறது.

மாமனாருக்கு இதய நோய் உண்டு; இரவுத் தூக்கம் கெடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது, தொப்பூர் கணவாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் மனைக்கு உழைத்த உயிரை அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. இது நோயா, வயதினால் வரும் மாற்றமா? மனிதர்களுக்குத் தரும் தூக்க மாத்திரையில் சிறு துண்டு கொடுக்கலாமா? எங்கள் பகுதியிலிருந்து எங்கே காட்டலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.


கிருஷ்ணகிரி கால்நடை மருத்துவர்:

வணக்கம் அம்மா. நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விதமே பாதி வேலையை எளிதாக்கிவிட்டது. முதலில், செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை எந்த அளவிலும் கொடுக்க வேண்டாம். டயஸிபாம் என்ற தூக்க மாத்திரையை வாய்வழி உட்கொண்ட சில பூனைகளுக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து உயிர் போயிருக்கிறது. வலியால் கத்துகிறதோ என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுப்பவர்களும் உண்டு; அது பூனைக்கு நஞ்சு. அந்த மருந்தை முறித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு என்பதால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறித்துவிடும். இதை வீட்டில் அனைவருக்கும் சொல்லிவையுங்கள்.

வயதான பூனை இரவில் ஓலமிடுவதைப் பிடிவாதம் என்றோ வெறும் முதுமை என்றோ முடிவுகட்டுவதற்கு முன்னால், உடலுக்குள் நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் பூனைக்குக் கருத்தடை செய்திருப்பதால், பருவத்துக்கு வந்து கத்துகிறது என்ற ஐயத்தை அநேகமாக ஒதுக்கிவிடலாம். அப்படிக் கத்தும் பூனை தரையில் புரளும், பின்பகுதியைத் தூக்கிக் காட்டும். நீங்கள் சொல்லும் தோற்றம் வேறு.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது, இரவில் அமைதியின்றி ஓலமிடுகிறது என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வருவது தைராய்டு சுரப்பியின் மிகைச்சுரப்பு. பத்து வயதைக் கடந்த பூனைகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது. கழுத்திலுள்ள சுரப்பியில், பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்று உருவாகி, ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. உடல் ஓய்வில்லாமல் எரிந்துகொண்டே இருப்பதால் தின்பது ஒட்டுவதில்லை. இதயம் வேகமாகத் துடிக்கும். சில பூனைகளுக்கு வாந்தியும் வரும். இரத்தத்தில் டி-4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் பரிசோதனை செய்தால், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு மனிதர்களுக்கானது, பூனைக்குப் பொருந்தாது. அந்த எண்ணைக் கால்நடை மருத்துவர்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, நாள்பட்ட சிறுநீரக நோய். இதில் பூனை மிகுதியாகத் தண்ணீர் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் தெளிவாக உயரும் என்பதால், இரத்தத்தோடு சிறுநீரின் அடர்த்தியையும் பார்ப்பது அவசியம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய டார்ச் விளக்குச் செய்திதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. இருட்டில் பூனையின் கருமணி அகன்றிருப்பது இயல்புதான். ஆனால் நேரே வெளிச்சம் பட்டால் கீற்றாகச் சுருங்கியாக வேண்டும். சுருங்காவிட்டால் விழித்திரை சரியாக வேலை செய்யவில்லை என்ற ஐயம் வருகிறது. தைராய்டு நோயும் சிறுநீரக நோயும் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டி நீடித்தால் கண், மூளை, சிறுநீரகம், இதயம் ஆகியவை பாதிக்கப்படத் தொடங்கும். விழித்திரை பிரிந்து பார்வை ஒரே நாளில் போய்விடுவதும் உண்டு. சுவரோரமாகவே நடந்து உங்களைத் தேடி வருகிறது என்றீர்கள். பார்வை மங்கிய பூனை சுவரை வழித்துணையாக வைத்துக்கொண்டு அப்படித்தான் நடக்கும். பகலில் மங்கலாகவாவது தெரிந்து, விளக்கை அணைத்தவுடன் ஒன்றும் தெரியாமல் போனால், எங்கே நிற்கிறோம் என்று அறியாமல் குரல் எழுப்பத்தான் செய்யும். ஆகவே இதைத் தள்ளிப்போடாமல் நாளையோ மறுநாளோ காட்டிவிடுங்கள். விழித்திரை அண்மையில் பிரிந்திருந்தால், அம்லோடிபின் போன்ற மருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும்போது ஓரளவு பார்வை திரும்ப வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பு குறையும். வீட்டில் பெரியவருக்கு அதே மருந்து இருந்தாலும் அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கான அளவு மிகச் சிறியது, அழுத்தத்தை அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டியது.

போவதற்கு முன் சில செய்திகளைக் குறித்துக்கொண்டு சென்றால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். பட்டுக்கூடு எடைபோடும் மின்னணுத் தராசு உங்கள் வீட்டில் இருக்கும். பூனையை ஒரு கூடையில் வைத்து எடைபோட்டு, கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். மூன்று கிலோ பூனைக்கு நூறு கிராம் குறைந்தாலும் அது பொருட்படுத்த வேண்டிய குறைவு. தண்ணீரை அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது நோயின் அறிகுறி. ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 30-ஐத் தாண்டக் கூடாது. இரவு கத்தும்போது கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் அப்படிக் கத்திக் காட்டாது.

என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? அதையும் சொல்லுங்கள்.


தளி சாலை, ஓசூர்:

மருத்துவர் ஐயா சொன்ன பரிசோதனைகளுக்குப் பிறகும் காரணம் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எங்கள் வீட்டில் 17 வயது வரை வாழ்ந்த ஆண் பூனைக்கு அப்படித்தான் ஆயிற்று. எல்லா முடிவுகளும் வயதுக்கேற்றபடி இருந்தன. கடைசியில், மனிதர்களுக்கு முதுமையில் வரும் மறதி நோயைப் போன்ற மூளைத் தேய்மானம் என்று சொன்னார்கள். பூனைகளிடம் இது அரிது இல்லை. 11 முதல் 14 வயது வரையுள்ள பூனைகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டிலும், 15 வயதைக் கடந்தவற்றில் பாதியிலும் முதுமைத் தடுமாற்றத்தின் ஏதேனும் ஓர் அடையாளம் தென்படுகிறது. பகல் இரவு மாறிப்போவது, சுவரை வெறித்துப் பார்ப்பது, பழகிய இடத்திலேயே வழி தெரியாமல் நிற்பது, மணல் தட்டை மறந்து வேறிடத்தில் போவது, காரணமின்றி ஓலமிடுவது ஆகியவை அவற்றில் சில.

இந்த இடத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூனை கத்தினால் எழுந்து போகாதீர்கள், கண்டுகொள்ளாமல் விட்டால் தானே நிறுத்திவிடும் என்று எங்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். இளம் பூனை விடியற்காலையில் உணவுக்காகக் கத்துவதற்கு அது பொருந்தும். கத்தியவுடன் கிண்ணத்தை நிரப்பினால், கத்தினால் சோறு கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். திசை தெரியாமல் நிற்கும் முதிய பூனைக்கு இந்த அறிவுரையைச் சொல்வது தவறு. அது எதையும் கேட்டு வாங்கக் கத்தவில்லை. வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறது. எழுந்து ஓட வேண்டியதும் இல்லை. படுத்த இடத்திலிருந்தே தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். உங்கள் பூனை குரல் கேட்டுத் திரும்புகிறது என்பதால் காது நன்றாக இருக்கிறது. அது பெரிய நன்மை. காது மந்தமான பூனை, தன் குரல் தனக்கே கேட்காததால், இன்னும் உரக்கக் கத்தும்.

எங்களுக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். கூடத்திலும் அதன் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலேயும் இரவு முழுவதும் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டோம். நாற்காலி, பெட்டி, கிண்ணம், மணல் தட்டு எதையும் இடம் மாற்றவில்லை. மாலையில் ஒரு கயிற்றை மெல்ல இழுத்துச் சற்று நேரம் விளையாடவைத்து, படுக்கப் போவதற்கு முன் அன்றைய கடைசி உணவைக் கொடுத்தோம். விளையாடி, உண்டு, உடலை நக்கிச் சுத்தம் செய்து, உறங்குவது பூனையின் இயல்பான வரிசை. பகலில் அது ஒரேயடியாகத் தூங்காதபடி அவ்வப்போது பெயர் சொல்லி அழைத்து, வெயில் படும் சன்னலோரம் உட்காரவைத்தோம்.

மூட்டு வலியையும் மறந்துவிடாதீர்கள். 12 வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. பூனை நொண்டிக் காட்டாது; முன்பு தாவி ஏறிய கட்டிலில் ஏறாமல் நின்று கத்தும். ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் தரை சில்லிட்டுப் போவதால் எங்கள் பூனை அப்போது மிகவும் துன்பப்பட்டது. வெந்நீர்ப் புட்டியைத் தடித்த துண்டில் சுற்றிப் படுக்கையின் ஓர் ஓரத்தில் மட்டும் வைப்போம். சூடு அதிகமானால் விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ வெட்டிவிட்டால், வலிக்கும் காலைத் தூக்காமல் உள்ளே போகும்.


அரூர் வாசகி:

பக்கத்து வீட்டார் சொல்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பூனை அழுவதால் வீட்டுக்கு எதுவும் ஆகாது; பூனைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. வீட்டுப் பூனையைப் பட்டினியும் தாகமுமாகத் துன்புறும் நிலையில் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, கண் சரியாகத் தெரியாத ஒரு முதிய உயிரைத் தொப்பூர் கணவாயில் விட்டால், லாரிகள் இடைவிடாமல் இறங்கும் அந்தச் சாலையில் அது ஓர் இரவைக்கூடத் தாண்டாது. உங்கள் மனம் ஒப்பாதது முற்றிலும் சரி.

பெரியவரின் தூக்கத்துக்காக ஒரு யோசனை. பூனையின் படுக்கையை உங்கள் அறைக்கு மாற்றி, தண்ணீரும் மணல் தட்டும் உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஓசூர் அன்பர் சொன்னதுபோல் மற்றவற்றை இடம் மாற்ற வேண்டாம் என்றாலும், சிறிய அறை என்பதால் அது விரைவில் பழகிக்கொள்ளும். கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருப்பீர்கள். தனியாகக் கொட்டகையில் அடைத்துவைப்பது மட்டும் வேண்டாம். அச்சத்தில் இன்னும் கத்தும்.


மல்பெரித்தோட்டம், பாலக்கோடு:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பகல் வெளிச்சத்திலும் கருமணி அகன்றேதான் இருக்கிறது என்பதை இன்று பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது. இன்று முதல் அளக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி மருத்துவர் கேட்டிருந்தார். நாங்கள் சைவக் குடும்பம். காலையில் பால் சோறு, மதியம் தயிர்ச் சோறு, இரவு மீண்டும் பால் சோறு அல்லது பாலில் நனைத்த ரொட்டி. சிறு வயதிலிருந்தே இதைத்தான் சாப்பிட்டு நன்றாக இருந்தது. இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா? இந்த ஊரில் எங்கே காட்டுவது என்பதையும் சொல்லுங்கள். பேருந்தில்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் கத்தி மிரண்டு ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


கிருஷ்ணகிரி கால்நடை மருத்துவர்:

அம்மா, நீங்கள் சொன்ன உணவு மிக முக்கியமான செய்தி. பூனை முழுக்க முழுக்க ஊன் உண்ணும் பிராணி. டாரின் என்ற சத்தை அதனால் தன் உடலிலேயே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். சோற்றில் அது இல்லை. பாலிலும் தயிரிலும் இருப்பது போதவே போதாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975-இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987-இலும் ஆய்வுகளால் நிறுவப்பட்டவை.

சிறு வயதிலிருந்து பால் சோறு தின்று நன்றாக இருந்ததே என்று நீங்கள் கேட்பதற்கு விடை உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. அப்போது அது பட்டுப்புழு மனையில் எலி பிடித்துத் தின்றது. அந்த எலிகள்தான் அதற்குத் தேவையான டாரினையும் புரதத்தையும் கொடுத்துவந்தன. வீட்டில் நீங்கள் வைத்த சோறு துணை உணவாகவே இருந்தது. முதுமையில் வேட்டை நின்றதும் ஊன் உணவு முழுவதுமாக நின்றுபோயிற்று, பால் சோறு மட்டும் மிஞ்சியது. விழித்திரைச் சிதைவு மெல்ல மெல்ல, மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நடப்பதால் வெளியே தெரியாது. நிறையத் தின்றும் மெலிவதற்குப் புரதக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் தைராய்டு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணின் உட்புறத்தை ஆய்வுக் கருவியால் பார்த்தால், விழித்திரை பிரிந்திருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்பது தெரியும். பிரிந்ததற்குச் சிகிச்சை உண்டு. சிதைந்த பகுதி திரும்ப வராது. ஆனால் உணவை மாற்றினால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். இதயத் தளர்ச்சி டாரின் குறைவால் வந்ததாக இருந்தால், டாரின் கொடுக்கும்போது பெரும்பாலும் சீராகிவிடும்.

சைவ வீட்டில் மீன் சமைப்பதில் உள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது. எளிய வழி, பூனைகளுக்கென்று விற்கும் பாக்கெட் உணவு. முழுமையான சரிவிகித உணவு என்று அட்டையில் குறிப்பிட்டிருப்பதை வாங்கினால், அதில் டாரின் சேர்க்கப்பட்டிருக்கும். நாய்க்கான உணவில் பூனைக்குப் போதுமான டாரின் இருக்காது. விலை குறைவு என்று அதை வாங்க வேண்டாம். தண்ணீர் அதிகமாகக் குடிக்கும் பூனை என்பதால், உலர்ந்த உணவைவிடக் குழைவான ஈர உணவு நல்லது. மனையின் வெளியடுப்பில் சமைக்க முடிந்தால், மத்தி மீனையோ கோழியையோ உப்பு, மசாலா இன்றி, கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, வெந்த நீரோடு சேர்த்தே கொடுங்கள். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் அந்த நீரை வடித்துக் கொட்டக் கூடாது. அண்டை வீட்டுக் குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. புதிய உணவை ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, பழையதோடு கலந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிடிக்காமல் பட்டினி கிடந்தால் இரண்டு நாளைக்கு மேல் விடாதீர்கள். பூனைக்குப் பட்டினி கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாக முடியும். சிறுநீரக முடிவு வந்த பிறகு உணவை மீண்டும் மருத்துவர் மாற்றச் சொல்லலாம்.

எங்கே காட்டுவது என்று கேட்டீர்கள். முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் மாவட்டங்களில் பெரும்பாலும் கறவை மாடும் ஆடும் கோழியுமே வருகின்றன என்பதால், பூனையின் இரத்த அழுத்தத்தை அளக்கும் சிறு பட்டையும் கண் பரிசோதனைக் கருவியும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால், தருமபுரி, சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் வசதி இருந்தால், ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. இருதயத் துடிப்பு, கண், இரத்தம், சிறுநீர், அழுத்தம் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிட முடிவது முதிய பூனைக்கு அலைச்சலைக் குறைக்கும்.

கொண்டுபோவதற்கு, மூடி போட்ட, காற்று புகும் பிளாஸ்டிக் கூடை போதும். இன்றே அதைத் திறந்தபடி பூனை படுக்கும் இடத்தில் வைத்து, உள்ளே அது படுத்த பழந்துணியைப் போடுங்கள். தன் மணம் உள்ள இடத்தில் அது தானாகவே போய்ப் படுக்கும். புறப்படும்போது மூடியைக் கயிற்றால் கட்டி, கூடையின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். சாக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இதயம் வேகமாகத் துடிக்கும் பூனைக்கு மூச்சுத் திணறல் வந்துவிடும். காலை முதல் பேருந்தில் வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் எடுத்தால் எண் பொய்யாக உயரும்.


காவேரிப்பட்டணம், மாந்தோப்பு:

எங்கள் பூனைக்குத் தைராய்டு மிகைச்சுரப்பு உறுதியாகி, இப்போது மாத்திரையில் இருக்கிறது. அதுவும் இரவில் இதேபோல் ஓலமிட்டது. மருந்து பிடித்து, எடை ஏறத் தொடங்கியபோது கத்தலும் படிப்படியாக அடங்கியது. ஒருவேளை உங்களுக்கும் இந்த முடிவு வந்தால் பயன்படட்டும் என்று சில செய்திகள்.

தைராய்டைக் குறைக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மாத்திரையையும் பூனையின் மணல் தட்டையும் வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மருந்து தோல்வழியே உடலுக்குள் போகும். மாத்திரையைப் பூனையின் நாக்கின் பின்புறம் வைத்தவுடன், ஊசி நீக்கிய சிரிஞ்சால் வாயோரத்தில் சில மில்லிலிட்டர் தண்ணீர் விடுங்கள். வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். மருந்து தொடங்கிய பிறகு வாந்தியோ, பசியின்மையோ, முகத்தைக் கால்களால் இடைவிடாமல் சொறிந்துகொள்வதோ தென்பட்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

மிக முக்கியமானது, தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் செய்யச் சொல்லும் மறு இரத்தப் பரிசோதனை. கத்தல் நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று பலர் போவதில்லை. தைராய்டு மிகுந்திருக்கும்வரை சிறுநீரகத்துக்கு இரத்தம் வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் சிறுநீரகத்தின் குறை வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். மருந்தால் தைராய்டு இறங்கியதும் கிரியாட்டினின் உயர்ந்து அந்தக் குறை வெளிப்படலாம். அதைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் பூனை ஏற்கெனவே தண்ணீரை அதிகமாகக் குடிக்கிறது என்பதால், முதல் நாள் எடுக்கும் இரத்த, சிறுநீர் அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருந்து, மறுமுறை போகும்போது கையோடு கொண்டுசெல்லுங்கள்.